வெய்புல் தலையில் இன்னொரு அளவுரு: புற்றுநோய்த் தரவு, இயலாமைத் தரவு

வாசகர் கேள்வி | பிப்ரவரி 4

நான் ஆய்வு மாணவன். ஆயுட்காலங்களை விவரிக்க வழக்கமாக எடுக்கும் வெய்புல் பரவலை விரிவாக்கி, மூன்று அளவுருக்கள் உள்ள புதிய பரவல் ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். செய்தது எளிது. வெய்புலின் உயிர்வாழ் சார்பை, அதாவது ஒரு குறிப்பிட்ட காலத்தைத் தாண்டியும் ஒருவர் தாக்குப்பிடிப்பதற்கான நிகழ்தகவை, ஒரு அடுக்குக்கு உயர்த்தினேன். அந்த அடுக்குதான் புதிய அளவுரு.

இரண்டு தரவுகளில் பொருத்திப் பார்த்தேன். ஒன்று, எல்லோரும் எடுக்கிற சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகள் 128 பேரின் தரவு. மற்றது, உடல்நலம் கெட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தவர்களின் இயலாமைக் காலம். தொடக்க மதிப்பை மாற்றிப் போட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வருகிறது. லாக்-லைக்லிஹூட் (பரவல் தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண்) மட்டும் நாலு தசம இடம் வரை அசையாமல் நிற்கிறது. மென்பொருளில் பிழையா, நான் எழுதிய நிரலில் பிழையா? கட்டுரை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

பிப்ரவரி 4, இரவு

மென்பொருளைத் திட்டாதீர்கள், அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஒரு தாளை எடுங்கள். வெய்புலின் அளவு 10, வடிவம் 2, உங்கள் அடுக்கு 4 என்று வையுங்கள். வடிவம் 2 என்பதால் அடுக்குக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 4இன் வர்க்கமூலம் 2. 10ஐ 2ஆல் வகுத்தால் 5. ஆக உங்கள் பரவல், அளவு 5, வடிவம் 2 உள்ள சாதா வெய்புல். இப்போது அளவு 20, அடுக்கு 16 என்று மாற்றுங்கள். 16இன் வர்க்கமூலம் 4. 20ஐ 4ஆல் வகுத்தால் மறுபடியும் 5. அளவு 5, அடுக்கு 1 என்று போட்டாலும் அதே 5.

மூன்றும் ஒரே வளைகோடு. அதனால்தான் லாக்-லைக்லிஹூட் அசையவில்லை. நீங்கள் சேர்த்த அடுக்கு உள்ளே போய் அளவோடு கரைந்துவிட்டது. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டு, இதில் எது உண்மையான பெயர் என்று கணினியிடம் கேட்கிறீர்கள். அது ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்கிறது, பாவம்.

பிப்ரவரி 5

காலையில் படித்துப் பார்த்தால் நேற்று எழுதியது கொஞ்சம் கறாராகத் தெரிகிறது. ஆனால் அப்படி எழுத எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் இதே குழியில் நானும் விழுந்தவன். என் ஆய்வேட்டில் நான்கு அளவுருக்கள் உள்ள பரவல் ஒன்று இருந்தது. அதன் பெயரே இரண்டு வரிக்கு ஓடும். ஒரு அளவுருவின் மதிப்பீடு 2.7, திட்டப் பிழை, அதாவது அந்த மதிப்பீடு எவ்வளவு ஆடலாம் என்பது, 61. அச்சுப்பிழை என்று நினைத்து மூன்று நாள் தேடினேன். கடைசியில் அட்டவணையிலிருந்து திட்டப் பிழைப் பத்தியையே தூக்கிவிட்டேன். பெருமைப்பட ஒன்றுமில்லை.

வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டார்: "இந்த நான்காவது அளவுரு கூடினால் நோயாளிக்கு என்ன ஆகும்?" "வளைகோட்டுக்கு நெகிழ்ச்சி கூடும்" என்றேன். "நான் வளைகோட்டைக் கேட்கவில்லை" என்றார். பட்டம் கொடுத்துவிட்டார்கள். கேள்வி மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது.

பிப்ரவரி 5, மாலை

ஒரு நண்பர் கீழே கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் விரிவாக்கப் பரவல்கள் எல்லாமே பழைய கள் புதிய மொந்தைதானா?"

இல்லை. நேற்று நான் சொன்னதை அப்படி நீட்டக் கூடாது. உயிர்வாழ் சார்பை அடுக்குக்கு உயர்த்தினால்தான் வெய்புல் வெய்புலாகவே இருக்கும். பரவல் சார்பை, அதாவது அந்தக் காலத்துக்குள் நிகழ்வு வந்துவிடும் நிகழ்தகவை, அடுக்குக்கு உயர்த்தினால் கதை வேறு. 1993இல் முதோல்கரும் ஸ்ரீவஸ்தவாவும் செய்தது அதைத்தான். அதில் அபாய வீதம் ஏறலாம், இறங்கலாம், தொட்டி மாதிரி இறங்கி ஏறலாம், மேடு மாதிரி ஏறி இறங்கலாம். சாதா வெய்புலால் ஏறவோ இறங்கவோதான் முடியும், இரண்டையும் செய்ய முடியாது.

அந்த அடுக்கு முழு எண்ணாக இருந்தால் அதற்குப் பொருளும் உண்டு. மூன்று விளக்குகள் எரிகின்றன, மூன்றும் அணைந்தால்தான் இருட்டு என்றால் அடுக்கு 3. ஒன்று அணைந்தாலே இருட்டு என்பது நம் மாணவர் செய்தது. வெய்புல் விளக்குகளில் முதலில் அணைவதன் ஆயுள் மறுபடியும் வெய்புல், கடைசியில் அணைவதன் ஆயுள் அப்படி இல்லை.

(அபாய வீதம் என்றால் என்ன என்று ஒருவர் தனியாகக் கேட்டார். இதுவரை தாக்குப்பிடித்தவருக்கு அடுத்த கணத்தில் நிகழ்வு வருகிற வேகம். இந்த இழை முழுக்க அதைப் பற்றியதுதான்.)

பிப்ரவரி 6

ஒரு சின்னத் திசைதிருப்பல். குமாரசாமி 1980இல் ஒரு பரவலை எழுதினார். நீரியல்காரர். கீழேயும் மேலேயும் எல்லை உள்ள அளவுகளுக்கு அவருக்கு ஒரு பரவல் தேவைப்பட்டது, பீட்டா பரவலைப் போல் தொல்லை தராமல் கையாலேயே கணக்குப் போடும்படி ஒன்றைச் செய்தார். முப்பது ஆண்டு கழித்து 2011இல் கோர்டேரோவும் டி காஸ்ட்ரோவும் அதை எந்தப் பரவலின் தலையிலும் மாட்டலாம் என்று காட்டினார்கள். அதிலிருந்து குமாரசாமி-வெய்புல், குமாரசாமி-காமா, குமாரசாமி-கோம்பெர்ட்ஸ் என்று வரிசை நீள்கிறது.

குமாரசாமி-வெய்புலில் இரண்டு அடுக்குகள் உள்ளன. முதலாவது 1 ஆனால் மிஞ்சுவது நம் மாணவரின் பரவல். ஆகவே முதல் அடுக்கு 1க்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் இரண்டாவது அடுக்கும் அளவும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். ஆய்வேட்டில் எனக்கு வந்த அந்தத் திட்டப் பிழை 61க்கு விளக்கம் அதுதான். அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் மூன்று நாள் மிச்சம்.

பிப்ரவரி 7

128 பேர் தரவுக்கு வருவோம். லீ, வாங் இருவரின் பாடநூலில் உள்ள நோய் தணிந்திருந்த காலங்கள், மாதக் கணக்கில். குறைந்தது 0.08, அதிகம் 79.05, சராசரி சுமார் 9.37. புதிய பரவல் கண்டுபிடிக்கும் ஒவ்வொருவரும் இந்த 128 பேரிடம் போய் நிற்கிறார்கள். அந்த நோயாளிகளுக்கே அலுத்துப் போயிருக்கும்.

எக்ஸ்பொனென்ஷியல் (அபாய வீதம் மாறாமல் இருக்கும் பரவல்), ஒரே அளவுரு: லாக்-லைக்லிஹூட் −414.3. இதைக் கையாலேயே போடலாம், சராசரியின் மடக்கையோடு 1 கூட்டி 128ஆல் பெருக்குங்கள், முன்னால் ஒரு கழித்தல் குறி. வெய்புல், இரண்டு அளவுரு: −414.1. இரண்டாவது அளவுரு வாங்கிக் கொடுத்தது 0.2தான். 1993இன் அடுக்கேற்றிய வெய்புல், மூன்று அளவுரு: −410.7.

ஏஐசி என்பது லாக்-லைக்லிஹூட்டை −2ஆல் பெருக்கி, ஒவ்வொரு அளவுருவுக்கும் 2 தண்டம் கூட்டுவது. போட்டால் 830.7, 832.2, 827.4. குறைவாக இருப்பது வெற்றி, ஆகவே மூன்று அளவுருவுக்குக் கோப்பை. கட்டுரைகள் இங்கேதான் நிற்கும். தண்டம் மட்டும் வேறான பிஐசி போடுங்கள். 128இன் இயல் மடக்கை 4.85, ஒவ்வொரு அளவுருவுக்கும் அவ்வளவு தண்டம். 833.5, 837.9, 835.9. இப்போது ஜெயித்தது எக்ஸ்பொனென்ஷியல், இருப்பதிலேயே எளியது!

நான் பிஐசி கட்சி இல்லை. இரண்டும் இரண்டு விதமாகச் சொல்கிற இடத்தில், ஒன்றை மட்டும் அட்டவணையில் போடுவது சரியில்லை என்கிறேன். அவ்வளவே.

பிப்ரவரி 7, பின்குறிப்பு

பரவல் தரவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கோல்மகோரோவ்-ஸ்மிர்னாவ் சோதனையில் p-மதிப்பு 0.98 வந்ததே என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தரவில் அளவுருவை மதிப்பிட்டீர்களோ அதே தரவில் சோதித்தால் அந்த எண் வீங்கித்தான் வரும். சட்டைக்கு அளவெடுத்த ஆளுக்கே போட்டுப் பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் பொருந்தும் என்பது மாதிரி. லில்லிஃபோர்ஸ் 1967இலேயே இயல்பரவலுக்குத் தனி அட்டவணை போட்டுக் காட்டினார். உங்கள் பரவலுக்கு அட்டவணை கிடையாது. பொருத்திய பரவலிலிருந்தே பொய்த் தரவு ஆயிரம் தடவை உண்டாக்கி, ஒவ்வொரு தடவையும் மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். இரவு ஓட விட்டால் காலையில் முடிந்திருக்கும்.

பிப்ரவரி 9

மாணவர் எழுதுகிறார்: "128 தரவிலும் இயலாமைத் தரவிலும் சென்சார் ஆனவர்கள் யாரும் இல்லை. அதனால் அந்தச் சிக்கல் எனக்கு இல்லை."

சென்சார் ஆனவர் என்றால், கடைசியாகப் பார்த்த நாள் வரை நிகழ்வு நடக்காதவர், பிறகு என்ன ஆனது என்று நமக்குத் தெரியாதவர். 128இல் எல்லோரையும் முழுமையாக எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது, அதை விடுங்கள். உங்கள் இயலாமைத் தரவில் ஒருவர்கூடவா இல்லை? ஒருவர்கூட இடையில் விலகவில்லை, ஒருவர்கூட ஆய்வு முடிகிற நாளில் இன்னும் வீட்டில் இருக்கவில்லை? சென்சார் ஆனவர்கள் இல்லாத தரவைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது, யாரோ அவர்களை அழித்திருக்கிறார்கள் என்பதுதான்.

அழித்தால் என்ன ஆகும்? 1963இல் வெளியான லுகேமியா ஆய்வை எடுத்துக்கொள்வோம், ஃப்ரைரைக்கும் சகாக்களும் செய்தது. 42 பேர். 21 பேருக்கு 6-மெர்காப்டோபியூரின், 21 பேருக்கு வெற்று மாத்திரை. நோய் தணிந்திருந்த வாரங்களை எண்ணினார்கள். மருந்து பெற்ற 21 பேரில் 9 பேருக்கு நோய் திரும்பியது: 6, 6, 6, 7, 10, 13, 16, 22, 23ஆவது வாரங்களில். மீதி 12 பேருக்குக் கடைசியாகப் பார்த்த நாள் வரை திரும்பவில்லை: 6, 9, 10, 11, 17, 19, 20, 25, 32, 32, 34, 35 வாரங்கள்.

12 பேரை அழித்துவிட்டு 9 பேருக்குச் சராசரி எடுங்கள். கூட்டுத்தொகை 109, சராசரி 12.1 வாரம். வெற்று மாத்திரைக் குழுவில் 21 பேருக்கும் நோய் திரும்பியது, கூட்டுத்தொகை 182, சராசரி 8.7. ஏதோ கொஞ்சம் பலன் என்று எழுதுவீர்கள்.

12 பேரையும் சேருங்கள். 21 பேரும் நோயின்றி இருந்த மொத்த வாரங்கள் 359, நிகழ்வுகள் 9. எக்ஸ்பொனென்ஷியல் கணக்கில் 359ஐ 9ஆல் வகுத்தால் 39.9. 12.1 எங்கே, 39.9 எங்கே! மருந்து நன்றாக வேலை செய்தவர்களைத்தான் அழித்திருக்கிறீர்கள். இந்த ஓட்டையை எத்தனை அளவுரு சேர்த்தாலும் அடைக்க முடியாது.

பிப்ரவரி 10

நேற்றைய 39.9ஐ ரொம்பப் பெருமையாக எழுதிவிட்டேன். திருத்தம் தேவை. யாரையும் 35 வாரத்துக்கு மேல் பார்க்கவில்லை. பார்க்காத இடத்தில் நிற்கிற ஒரு சராசரியை எக்ஸ்பொனென்ஷியல் தன் கற்பனையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அபாய வீதம் என்றென்றும் ஒரே மாதிரி இருக்கும் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அந்த எண்.

இடைநிலையை, அதாவது பாதிப் பேருக்கு நோய் திரும்பியிருக்கும் காலத்தைப் பாருங்கள். காப்லான்-மையர் முறையில், அதாவது எந்தப் பரவலையும் நம்பாமல், மருந்துக் குழுவுக்கு 23 வாரம், மற்றதற்கு 8. எக்ஸ்பொனென்ஷியல் மருந்துக் குழுவுக்குச் சொல்வது 27.6. ஆள் நல்லவர்தான், கொஞ்சம் கூட்டிச் சொல்வார்.

பிப்ரவரி 11

"சென்சார்" என்பதற்குத் தமிழில் "தணிக்கை" என்று போடலாமா என்று ஒரு விவாதம் கீழே கிளம்பிவிட்டது. தணிக்கை என்றால் வெட்டித் தூக்கி எறிவது என்றுதான் எனக்குக் காதில் விழுகிறது, இங்கே தேவைப்படுவது அதற்கு நேர் எதிர். "இதுவரை நடக்கவில்லை" என்பதும் ஒரு தகவல், அதை வைத்துக்கொள்ள வேண்டும். நான் சென்சார் என்றே எழுதுகிறேன். நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13

குணமானவர்கள் பற்றி யாரும் பேசவில்லையே என்று ஒருவர் கேட்டார். நியாயம். சில புற்றுநோய்களில் உயிர்வாழ் வளைகோடு இறங்கி இறங்கி வந்து ஒரு மட்டத்தில் படுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நோய் திரும்புவதே அரிது. போக் 1949இலும், பெர்க்சனும் கேஜும் 1952இலும் செய்தது இதற்காகத்தான்: நோயாளிகளில் ஒரு பங்கினர் குணமானவர்கள், மற்றவர்களுக்கு மட்டும் சாதாரணப் பரவல். அந்தப் பங்கு ஒரு அளவுரு. தேர்வில் என்னைக் கேட்ட கேள்வியை இதன்மேல் போட்டுப் பாருங்கள். கூடினால் நோயாளிக்கு என்ன ஆகும்? குணமாகும் வாய்ப்பு கூடும். ஒரே வரியில் பதில்.

ஆனால் கவனம். ஐந்து ஆண்டு பார்த்துவிட்டு வளைகோடு படுத்துக்கொண்டது என்று சொல்லக் கூடாது, அது மூச்சு வாங்க நின்றிருக்கலாம். குணமான பங்கையும் நீளமான வாலையும் குறுகிய காலத் தரவால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மாணவரின் அடுக்குக்கு வந்த அதே நோய், கொஞ்சம் லேசாக.

பிப்ரவரி 15

இயலாமைத் தரவு. இதைப் பற்றி நான் நீளமாகப் புலம்புவேன், வேலை இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

படிப்பு முடிந்து சில ஆண்டுகள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தேன். வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பார்கள். சராசரியாக எவ்வளவு காலம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது என் கணக்கு. ஒரு விரிதாளை அனுப்பினார்கள். நானும் நாலைந்து பரவல்களைப் பொருத்தி, அழகான வளைகோடு வரைந்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாம் தப்பு.

விரிதாளில் இருந்தது அன்றைக்குப் பணம் வாங்கிக்கொண்டிருந்தவர்களின் பட்டியல். ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன். பாதிப் பேர் 1 மாதத்தில் தேறிவிடுகிறார்கள், பாதிப் பேருக்கு 11 மாதம் ஆகிறது. உண்மையான சராசரி 6. ஏதோ ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்தால் கண்ணில் படுகிறவர்கள் யார்? 12 பேரில் 11 பேர் நீண்ட காலக்காரர்கள். அவர்களுடைய மொத்தக் காலத்துக்குச் சராசரி எடுத்தால் 10.2 மாதம் வரும். சீக்கிரம் தேறியவர்கள் வந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறார்கள்.

எந்தத் தேதியிலிருந்து பார்க்கத் தொடங்கினோமோ அதற்கு முன்பு தேறியவர்களைப் பார்க்கவே வாய்ப்பில்லை என்பதை லைக்லிஹூட்டில் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவர் நம் கண்ணில் பட்ட நாள் வரை தாக்குப்பிடித்திருந்த நிகழ்தகவால் வகுக்க வேண்டும். நிரலில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு எனக்கு நாலு மாதம் ஆனது.

பிப்ரவரி 15, தொடர்ச்சி

இன்னொன்று. திருத்திய பிறகும் வரைபடத்தில் 30, 60, 90 நாட்களில் குத்தூசி மாதிரி முனைகள். காமா, வெய்புல், லாக்-நார்மல் எதுவும் அதைத் தொடவில்லை. மூன்று நாலு பரவல்களைக் கலந்து பார்த்தேன், அதுவும் தோல்வி. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சான்றிதழை முப்பது முப்பது நாளாகத்தானே தருவார்கள்?" என்றார்.

ஆள் எந்த நாளில் தேறினார் என்பது தரவில் இல்லை, காகிதம் எந்த நாளில் தீர்ந்தது என்பதுதான் இருந்தது. 60 என்று எழுதியிருந்தால் 30க்கும் 60க்கும் நடுவில் எங்கோ என்று படிக்க வேண்டும். அப்படிப் படித்ததும் முனைகள் மறைந்தன, சாதா லாக்-நார்மலே போதுமானதாக இருந்தது. மாணவரே, உங்கள் தரவில் 30, 60, 90 எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பிப்ரவரி 16

இயலாமையிலிருந்து வெளியேற வாசல் ஒன்றல்ல. தேறி வேலைக்குப் போகலாம், இறந்தும் போகலாம். இறந்தவரை "தேறும் முன் சென்சார் ஆனவர்" என்று எழுதிவிட்டுக் காப்லான்-மையர் போட்டால், அவரும் என்றாவது தேறியிருப்பார் என்று சொன்னதாக ஆகிறது. தேறுவோர் விகிதம் கூடிவரும். ஃபிக்ஸ், நெய்மான் இருவரும் 1951இலேயே தேறுதல், நோய் திரும்புதல், மரணம், தொடர்பு விட்டுப்போதல் என்று தனித்தனி நிலைகளாகப் பிரித்து எழுதிவிட்டார்கள். அது புற்றுநோயாளிகளுக்காகச் செய்தது, இயலாமைக்கும் அப்படியே பொருந்தும். ஒற்றைப் பரவலை எவ்வளவு விரித்தாலும் அதற்கு ஒரு வாசல்தான்.

பிப்ரவரி 19

மூன்று நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. பிப்ரவரி 4இல் மாணவரின் அடுக்கைக் கரைந்துபோனது என்று தள்ளிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அந்த அடுக்கு எல்லோருக்கும் ஒரே எண் என்றால் கரையும். அது ஆளுக்கு ஆள் மாறினால்? ஒருவர் உடல் வாகில் அடுக்கு அரை, இன்னொருவருக்கு 3. அடுக்கு பெரிதாக உள்ளவர் சீக்கிரம் நிகழ்வைச் சந்திப்பார், சின்னதாக உள்ளவர் தாக்குப்பிடிப்பார். யாருக்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. வாபெல், மேன்டன், ஸ்டல்லார்டு 1979இல் நலிவு என்று அழைத்தது இதைத்தான்.

நலிவு காமா பரவலில் சிதறியிருக்கிறது என்று வைத்துச் சராசரி எடுங்கள். இப்போது வெய்புல் வெய்புலாக இல்லை, வேறொன்று வருகிறது. மூன்று அளவுரு, மூன்றையும் பிரித்தறியலாம். மூன்றாவது அளவுரு சொல்வது: மனிதர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறார்கள். சிதறலைப் பூச்சியமாக்கினால் மறுபடி வெய்புல்.

இன்னும் ஒரு படி. நலிவு எக்ஸ்பொனென்ஷியலாகச் சிதறினால், கணக்கு மூன்று வரியில் சுருங்கி, வருவது நமக்கு எப்போதோ தெரிந்த லாக்-லாஜிஸ்டிக்! வடிவம் 1ஐத் தாண்டினால் அதன் அபாய வீதம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். 128 பேர் தரவின் அபாய வீதமும் ஏறி இறங்குவதுதான். இரண்டே அளவுரு. மாணவரே, அதைப் பொருத்திவிட்டு வந்து சொல்லுங்கள்.

பிப்ரவரி 20

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை, யாரும் பிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மொத்தக் கூட்டத்தின் அபாய வீதம் இறங்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் உண்மையிலேயே நாளாக ஆக ஆபத்து குறையலாம். அல்லது யாருக்கும் குறையாமல், நலிந்தவர்கள் முதலில் போய்விட்டு உறுதியானவர்கள் மிஞ்சியிருக்கலாம். ஆளுக்கு ஒரே ஒரு நிகழ்வு மட்டும் உள்ள தரவில், வயதோ சிகிச்சையோ வேறு தகவலோ இல்லாமல், இந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை. வளைகோடு ஒன்றுதான், கதை இரண்டு. கட்டுரையில் "நலிவு இருப்பதை நிரூபித்தேன்" என்று எழுதிவிடாதீர்கள்.

நோயாளியிடம் பேசும்போது இந்த வித்தியாசம் சின்னதல்ல. "இரண்டு ஆண்டு தாண்டிவிட்டீர்கள், ஆபத்து குறைந்துவிட்டது" என்பது முதல் கதை. "நீங்கள் ஆரம்பத்திலிருந்தே உறுதியானவராக இருந்திருக்கிறீர்கள்" என்பது இரண்டாவது.

பிப்ரவரி 22

மாணவர் வந்துவிட்டார். அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "லாக்-லாஜிஸ்டிக் ஒரே ஓட்டத்தில் வெய்புலைத் தாண்டிவிட்டது. எந்தத் தொடக்க மதிப்பு கொடுத்தாலும் ஒரே விடை. காமா நலிவோடு மூன்று அளவுருவும் பொருத்தினேன். இந்தப் பரவலுக்கு என்ன பெயர் வைக்கலாம்?"

வைக்க வேண்டாம். அது பர் பரவல், பன்னிரண்டாம் வகை. பர் 1942இல் எழுதி வைத்த பட்டியலில் இருக்கிறது.

பிப்ரவரி 22, இரவு

அவர் கொஞ்சம் சோர்ந்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. பெயர் போனால் போகட்டும். உங்கள் கையில் இப்போது இருக்கிற மூன்றாவது அளவுருவுக்கு, அந்தத் தேர்வாளர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. என்னுடையதற்கு இல்லை.

பிப்ரவரி 24

"இயலாமைத் தரவில் எண்ணினேன். 30, 60, 90 மட்டுமே பாதிக்கு மேல்" என்று எழுதியிருக்கிறார். சரி. பொருத்துவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். தரவைக் கொடுத்தவரிடம் இரண்டு தேதிகள் கேளுங்கள்: ஒவ்வொருவரும் பட்டியலில் நுழைந்த தேதி, கடைசிச் சான்றிதழ் தொடங்கிய தேதி. அதோடு, "இன்னும் வீட்டில் இருக்கிறார்" என்று யாருடைய வரிசையையாவது அழித்தீர்களா என்றும் கேளுங்கள். அழித்திருந்தால் அந்த வரிசைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.